அனுபவக் கட்டுரை: எங்கள் குழுவில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் மாதம் ஒருமுறை நூலக அறை ஒன்றில் கூடி, படித்ததைப் பேசுகிற சிறு குழு எங்களுடையது. கதை, கவிதை பேசும்போது வராத சந்தேகங்கள் அனுபவக் கட்டுரை என்றதும் வரிசைகட்டி வந்துவிடுகின்றன. போன வருடம் வந்தவர் கேட்டதையே இந்த மாதம் வந்தவரும் கேட்கிறார். வாயால் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பதில்களில் இருக்கும் பிடிவாதம் என்னுடையது. குழுவில் எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்லமாட்டேன்.

அனுபவக் கட்டுரைன்னா என்னங்க? ஸ்கூல்ல எழுதின கட்டுரை மாதிரிதானே?

முதலில் அதிலிருந்துதான் தப்பிக்க வேண்டும். பள்ளிக் கட்டுரைக்குத் தலைப்பை வேறொருவர் தருவார், முடிவையும் அவரே மனத்தில் வைத்திருப்பார். நேர்மை வெல்லும் என்று முடித்தால் மதிப்பெண். ‘கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான்’ என்று தொடங்கிப் பழகிய கை, நாற்பது வயதில் ஒரு மழைநாளைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் கதிரவனைத்தான் கூப்பிடுகிறது.

தனக்கு நேர்ந்த ஒன்றையோ, தன்னை விடாமல் அரிக்கும் ஒன்றையோ எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறோம் என்று எழுதியபடியே தேடிப் பார்ப்பது அனுபவக் கட்டுரை. உள்ளே நிகழ்ச்சி வரலாம், தகவல் வரலாம், பழைய பாட்டு ஒன்றுகூட வரலாம். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பது எழுதுகிறவரின் குரல். தகவலுக்காக மட்டும் அதை யாரும் படிப்பதில்லை. இந்த ஆள் இதை எப்படி யோசிக்கிறார் என்று கூடவே போய்ப் பார்க்கத்தான் படிக்கிறார்கள்.

அப்போ இது டைரியா? சுயசரிதையா?

இரண்டும் இல்லை, இரண்டுக்கும் பங்காளி. ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை எழுதியது நாட்குறிப்பு. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். கப்பல் வந்தது, இன்னார் இன்னது சொன்னார் என்று அன்றன்றைக்கு எழுதினார். நாளைக்கு என்ன ஆகும் என்று எழுதும்போது அவருக்கே தெரியாது. நாட்குறிப்பின் ருசி அதில்தான். தற்சரிதையோ முழு வாழ்க்கையையும் வரிசையாகச் சொல்லப் பார்ப்பது. உ.வே.சாமிநாதையர் 1940இல் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கிய ‘என் சரித்திரம்’ அப்படிப்பட்டது. 1942இல் அவர் மறைந்தபோது கதை பத்தொன்பதாம் நூற்றாண்டைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

அனுபவக் கட்டுரைக்கு அந்தப் பொறுப்பெல்லாம் கிடையாது. வாழ்க்கையில் ஒரு துண்டு போதும். பிறந்த ஊர், பெற்றோர் பெயர், படித்த பள்ளி எதையும் சொல்லாமலே முடிக்கலாம். பலர் முதல் பக்கத்தை இதற்கே செலவழிக்கிறார்கள். வெட்டிவிடுங்கள், யாரும் தேடமாட்டார்கள்.

இதை யார் ஆரம்பிச்சது? வெள்ளைக்காரன் சரக்குதானே?

பெயர் பெற்ற முதல் ஆள் பிரெஞ்சுக்காரர்தான், மறுக்கவில்லை. மிஷெல் தெ மோந்தேன் (1533–1592) நீதிமன்றப் பதவியை விட்டு விலகி 1571இல் தன் வீட்டுக் கோபுரத்திலிருந்த நூலகத்துக்குள் போய் உட்கார்ந்தார். 1580இல் கட்டுரைகளின் முதல் இரண்டு பாகங்கள் வந்தன, 1588இல் மூன்றாவது. அதோடு நிற்கவில்லை. அச்சான பிரதியின் ஓரங்களில் சாகும்வரை எழுதிச் சேர்த்துக்கொண்டே இருந்தார். முன்பு சொன்னது இப்போது பிடிக்கவில்லை என்றாலும் பெரும்பாலும் அதை அடிக்கமாட்டார், புது நினைப்பைப் பக்கத்தில் எழுதுவார். இந்த வடிவத்தின் குணத்தை அந்தப் பக்க ஓரங்களிலேயே பார்த்துவிடலாம்.

ஆனால் தன்னைப் பற்றி உரைநடையில் எழுதும் ஆசை அவரோடு பிறந்ததில்லை. ஜப்பானிய அரண்மனையில் பணிபுரிந்த செய் ஷோனகோன் என்கிற பெண், கி.பி. 1000ஐ ஒட்டி, எரிச்சலூட்டுபவை எவை, மனத்தைத் துள்ளவைப்பவை எவை என்று பட்டியல் போட்டு எழுதியிருக்கிறார். இன்றைக்குப் படித்தாலும் பக்கத்து வீட்டு அக்கா வம்பு பேசுவதைக் கேட்பதுபோல இருக்கும். தமிழில் பத்திரிகைகள் பெருகிய பிறகு இது வேரூன்றியது. வெள்ளைக்காரன் சரக்கு என்றால் நாவலும் சிறுகதையும்கூட அப்படித்தான். அவற்றை யாரும் திருப்பி அனுப்பவில்லையே.

தமிழில் யாரைப் படிச்சுப் பழகலாம்?

எல்லாரையும் சொன்னால் யாரையும் படிக்கமாட்டீர்கள். மூவரோடு தொடங்கலாம். கி.ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் தொடராக வந்தது. வாய்ப்பேச்சை அதன் சூடு ஆறாமல் தாளுக்குக் கொண்டுவருவது எப்படி என்று அதில் பார்க்கலாம். லா.ச.ராமாமிர்தத்தின் ‘சிந்தாநதி’ முற்றிலும் வேறு குரல், நினைவும் மொழியும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஓடும். 1989ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது. நாவல் எழுதினால்தான் இலக்கியம் என்று நினைப்பவர்களுக்காக இதைக் குறிப்பிடுகிறேன். மூன்றாமவர் அ.முத்துலிங்கம். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்து, பல நாடுகளில் வேலை பார்த்து, கனடாவில் குடியேறியவர். சிரிக்கவைத்துக்கொண்டே வருவார், எந்த வரியில் சிரிப்பு நின்றது என்று திரும்பிப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

அசோகமித்திரனை நான்காவதாக வைக்கிறேன். அவரைப்போல எழுதுவது சுலபம் என்று தோன்றிவிடும். புதிதாக எழுத வருகிறவருக்கு அந்த மயக்கம் நல்லதில்லை.

சிங்கப்பூர்ல இதெல்லாம் எழுதியிருக்காங்களா, இல்ல எல்லாமே அங்கேர்ந்து வர்றதுதானா?

இங்கே தமிழ் அச்சுக்கு வயது அதிகம். சி.கு.மகுதூம் சாயபு நடத்திய ‘சிங்கைநேசன்’ 1887இலேயே வந்தது. கோ.சாரங்கபாணி 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ இன்றும் வருகிறது; அதன் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கத் தொகுப்பில் புரட்டலாம். 1965 முதல் 2015 வரையிலான சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை மின்வடிவாக்கும் மரபுடைமைத் திட்டமும் நாட்டின் பொன்விழாவை ஒட்டி நடந்தது.

ஆனால் நம்மவர்கள் அதிகம் எழுதியது சிறுகதையும் கவிதையும். தங்கமுனை விருது போன்ற போட்டிகள் அவற்றைத்தான் கேட்டன. சொந்த அனுபவம் கையில் இருந்தவரும் அதற்கு ஒரு முருகன், ஒரு மாலதி என்று பெயர் சூட்டிக் கதையாக்கி அனுப்பினார். அதனால் சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதைகள் பலவற்றுக்குள் ஒரு கட்டுரை வேடம் போட்டு உட்கார்ந்திருக்கிறது என்பது என் எண்ணம். சிங்கப்பூர் இலக்கியப் பரிசில் தமிழ் அபுனைவு நூல்களுக்கும் இப்போது இடம் இருக்கிறது. வேடம் இனிமேலாவது கலையலாம்.

அண்ணே, நான் சாதாரண ஆளு. என் வாழ்க்கையில எழுதற மாதிரி என்ன இருக்கு?

இதைக் கேட்காதவர் குழுவில் யாருமில்லை. ஒரு அக்கா எழுதியதைச் சொல்கிறேன். அவர் வளர்ந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. ஐந்தில் நிற்கும், ஒன்பதில் நிற்கும். வீடு ஏழாம் மாடி. அப்பா எப்போதும் ஒன்பதுக்குப் போய் இரண்டு மாடி இறங்கி வருவார். அம்மா ஐந்தில் இறங்கி, சந்தையிலிருந்து வாங்கிவந்த மீனும் காய்கறியுமாக இரண்டு மாடி ஏறி வருவார். சுமையோடு வருகிறவர் ஏன் ஏற வேண்டும்? சிறுவயதில் அக்கா இதை யோசித்ததே இல்லை. எழுத உட்கார்ந்தபோதுதான் விடை கிடைத்தது. ஐந்தாம் மாடியில் அம்மாவின் தோழியான மலாய் மக்சிக் வீடு. கதவு திறந்தே இருக்கும். பையைக் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிடம் பேச்சு. அம்மாவின் நாளில் அவருக்கென்று இருந்தது அந்த ஐந்து நிமிடம்தான். அப்பா ஒன்பதுக்குப் போனது, தாழ்வாரத்து மூலையில் வீட்டுக்குத் தெரியாமல் ஒரு சிகரெட் பிடிக்க.

2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் பிறகு அவர்கள் புளோக்குக்கும் வந்தது. ஏழாம் மாடியிலேயே மின்தூக்கி நின்றது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்தது, மக்சிக்கைப் பார்ப்பதும் குறைந்தது. வந்த வசதியைக் குறை சொல்லவும் முடியவில்லை, நன்றி சொல்லி நிறுத்தவும் மனம் வரவில்லை என்று கட்டுரை அந்த இடத்தில் தடுமாறுகிறது. அங்கேதான் அறையில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

யாரும் சாகவில்லை, யாரும் வெளிநாடு போகவில்லை, ஒரு மின்தூக்கி நிற்கும் இடம் மாறியது, அவ்வளவுதான். மோந்தேன் கட்டைவிரலைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். உங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள், இத்தனை நாள் எதைப் பார்த்தும் யோசிக்காமல் விட்டீர்கள் என்று கேளுங்கள்.

அதான் ஃபேஸ்புக்ல எல்லாரும் எழுதறாங்களே? இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மவுசு?

ஃபேஸ்புக்கிலும் நல்ல கட்டுரை வந்திருக்கிறது, இடத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே எழுதும்போது ஒரு தீர்ப்போடு போய் நிற்க வேண்டியிருக்கிறது. இது சரி, அது தப்பு, விருப்பக்குறி போடுங்கள். அனுபவக் கட்டுரையில் பாதியில் மனம் மாறலாம், எனக்கு இன்னும் விளங்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். மேலே சொன்ன அக்காவின் தடுமாற்றத்தை மூன்று வரிப் பதிவாக்கினால் ‘அந்தக் காலம் போல வருமா’ என்று ஆகிவிடும்.

மோந்தேன் ஒருமுறை குதிரையிலிருந்து விழுந்தார். அவருடைய ஆள் ஒருவனே பெரிய குதிரையில் வேகமாக வந்து மோதியதில் தூக்கி எறியப்பட்டு நினைவிழந்தார். செத்துவிட்டார் என்றே கூட வந்தவர்கள் நினைத்தார்கள். வீட்டுக்குத் தூக்கி வரும் வழியில் ரத்த வாந்தி. மேட்டுப்பாதையில் மனைவி தடுமாறி வருவதைக் கண்டு அவருக்கு ஒரு குதிரை கொடுக்கச் சொன்னாராம். சொன்னது அவருக்கு நினைவில்லை, மற்றவர்கள் பிறகு சொல்லித்தான் தெரியும். அந்த நேரத்தில் தனக்கு வலியோ பயமோ இல்லை, தூக்கத்தில் வழுக்கிப் போவதுபோல இதமாக இருந்தது என்று எழுதுகிறார். சாவைப் பற்றிப் புத்தகங்களில் படித்ததையும் தன் உடம்பு கண்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். நானூறு வருடத்துக்கு முந்தைய ஒரு விபத்து. சாலை விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் கண்விழித்த எங்கள் குழு நண்பர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, ‘எனக்கும் இப்படித்தான் இருந்தது, சொன்னால் நம்பமாட்டார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை’ என்றார். மவுசு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

பக்கத்துக்குப் பக்கம் ‘நான் நான்’னு எழுதினா தற்பெருமை ஆகாதா?

‘நான்’ என்பதை எடுத்துவிட்டு ‘நாம்’, ‘ஒருவர்’ என்று எழுதினாலும் தற்பெருமை போகாது, சட்டைதான் மாறும். அந்த ‘நான்’ என்ன செய்கிறது என்று பாருங்கள். ஜெயித்துக்கொண்டே இருந்தால் பெருமை.

உ.வே.சா. ‘என் சரித்திரம்’ நூலில் சொல்லும் 1880ஆம் ஆண்டுச் சந்திப்பு ஒன்று இருக்கிறது. தனிக் கட்டுரையாகவே வாசிக்கலாம். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர், ஊருக்குப் புதிதாக வந்த முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டதாகச் சொல்கிறார், எதிராளி அசையவில்லை. படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்குகிறார், அதற்கும் அசையவில்லை. பழைய நூல்கள் ஏதாவது படித்ததுண்டா, சீவகசிந்தாமணி? புத்தகத்தையே பார்த்ததில்லை. அத்தனை படிப்பும் அந்த அறையில் ஒன்றுமில்லாமல் போவதை அவரே, ஒரு வரிகூட ஒளிக்காமல், எழுதுகிறார். 1887இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தவர் அவர்தான். அந்தப் பெருமையைச் சொல்லி ஆரம்பித்திருக்கலாம், தன் அறியாமையைச் சொல்லி ஆரம்பித்தார். இதில் நூறு ‘நான்’ வந்தாலும் உறுத்தாது.

ஒரு எச்சரிக்கை: தன்னையே திட்டிக்கொள்வதும் பெருமையின் இன்னொரு வழிதான். ‘நான் எவ்வளவு மோசமானவன் தெரியுமா’ என்று நான்கு பக்கம் எழுதுகிறவர் நம்மைப் பாராட்டத்தான் அழைக்கிறார்.

எவ்வளவு நீளம் இருக்கணும்? எப்படி ஆரம்பிக்கிறது?

நீளத்துக்குச் சட்டம் இல்லை. எழுதி முடித்தபின் முதல் பத்தியை மூடிவைத்துவிட்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்கள். பத்துக்கு எட்டு முறை அதுதான் சரியான தொடக்கம்.

எனக்குப் பேனா பிடிச்சே வருஷமாச்சு. வேலை முடிஞ்சு லாரில போகும்போது போன்ல பேசிப் பதிவு பண்ணி வச்சிருக்கேன். அது ஆகுமா?

தாராளமாக ஆகும். பேசியதை அப்படியே எழுதிப் பாருங்கள், அல்லது போனையே எழுதவிட்டுத் திருத்துங்கள். பேச்சில் ஒரே விஷயத்தை மூன்று முறை சொல்லியிருப்பீர்கள். மூன்றில் எது பளிச்சென்று இருக்கிறதோ அதை வையுங்கள். லாரிச் சத்தம் பதிவாகியிருந்தால் அதையும் எழுதுங்கள், அந்த நேரம் வெளியே தெரிந்ததையும். கட்டுமானத் தளத்திலிருந்து லிட்டில் இந்தியாவின் தேக்கா வரையிலான ஒரு ஞாயிற்றுக்கிழமையை உள்ளிருந்து எழுதிய தமிழ்க் கட்டுரைகள் இங்கே தேவையான அளவு வரவில்லை. நான் காத்திருக்கிறேன்.

பேச்சுத்தமிழா, எழுத்துத்தமிழா? நடுவுல மலாய், இங்கிலீஷ் வந்தா பரவாயில்லையா?

சொல்கிற இடம் எழுத்துத்தமிழிலும் ஆட்கள் பேசுகிற இடம் அவர்கள் பேச்சிலும் இருப்பது பாதுகாப்பான வழி. கி.ரா.வைப்போல முழுக்கப் பேச்சிலேயே எழுத, அந்தப் பேச்சு உங்கள் வாயில் ஊறியிருக்க வேண்டும். சினிமாவில் கேட்ட மதுரைத் தமிழை ஈசூன்காரர் எழுதினால் இரண்டாம் வரியில் தெரிந்துவிடும்.

மலாயும் ஆங்கிலமும் சீனமும் நம் வாயில் இருக்கின்றன. பாசார் என்றும் கோப்பி என்றும் தாப்பாவ் என்றும் சொல்லி வளர்ந்தவர் கட்டுரையில் ‘உணவைப் பொட்டலமாக எடுத்துச் சென்றோம்’ என்று எழுதினால், அந்த உணவு யாருக்கோ போய்விடுகிறது. தமிழ்நாட்டு வாசகருக்குப் புரியாதே என்று ஒவ்வொரு சொல்லுக்கும் அடைப்புக்குறி போடாதீர்கள். நாம் கரிசல் வட்டாரச் சொற்களை அடைப்புக்குறி இல்லாமல்தானே புரிந்துகொண்டோம்.

நான் தமிழ்நாட்டிலேர்ந்து வந்து பல வருஷம் ஆச்சு. ஊரைப் பத்தி எழுதறதா, இங்க இருக்கறதைப் பத்தியா?

ஊரைப் பற்றி எழுதக்கூடாது என்று யார் சொல்ல முடியும்? ஆனால் எங்கள் குழுவுக்கு வரும் கட்டுரைகளில் குளம், ஆலமரம், பாட்டி கை மணம் மூன்றும் தவறாமல் வருகின்றன. அந்தக் குளம் எந்த ஊர்க் குளமாகவும் இருக்கலாம் என்பதுதான் சிக்கல். ஏக்கத்தில் எல்லாக் குளமும் ஒரே மாதிரி தெரியும். உங்கள் குளத்தில் யார் எந்தப் படித்துறையில் குளிக்க முடியாது என்பதையும் சேர்த்து எழுதினால் அது உங்கள் ஊர் ஆகும்.

இன்னொரு வழி, இரண்டு இடமும் ஒன்றையொன்று இடிக்கும் புள்ளியைப் பிடிப்பது. இங்கே பிறந்த பிள்ளையை ஊருக்குக் கூட்டிப்போய், அது பாட்டியிடம் ஆங்கிலத்தில் பேச, நடுவில் நீங்கள் மொழிபெயர்த்துக்கொண்டு நின்ற பத்து நிமிடம். ஆலமரத்தைவிட அதில் சங்கதி அதிகம்.

எல்லாமே உண்மையா இருக்கணுமா? முப்பது வருஷத்துக்கு முன்னாடி பேசினது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

சொல்லுக்குச் சொல் யாருக்கும் இருக்காது, வாசகருக்கும் அது தெரியும். அப்பா அப்படித்தான் பேசுவார் என்று உறுதியாகத் தெரிந்தால் அவர் பேச்சை எழுதலாம். நடக்காத சண்டையை நடந்ததாக எழுதக்கூடாது. நினைவு மங்கல் என்றால், மங்கல் என்றே எழுதுங்கள், கட்டுரைக்கு அது பலம்தான்.

பெயர், அலுவலகம் போன்றவற்றை மாற்றுவது வேறு. சார்ல்ஸ் லாம்ப் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் 33 ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தவர். எலியா என்ற புனைபெயரில் எழுதினார்; முதல் தொகுப்பு 1823இல் வந்தது. 1825இல் ஓய்வுபெற்றதைப் பற்றி எழுதும்போது கம்பெனியை ஏதோ வணிக நிறுவனமாக மாற்றிவிட்டார். ஆனால் ஓய்வுக்குப் பிறகு பழைய அலுவலகத்தை எட்டிப் பார்க்கப் போனவர் தன் மேசையும், தொப்பி மாட்டும் ஆணியும் வேறொருவருக்குப் போயிருப்பதைக் காண்கிறாரே, அந்த ஆணியில் கை வைக்க முடியாது. அறுபது கடந்த எங்கள் அண்ணன் ஒருவர் அதைப் படித்துவிட்டுத் தன் அலுவலக நுழைவு அட்டையைத் திருப்பிக் கொடுத்த நாளை எழுதினார்.

குடும்பத்தைப் பத்தி எழுதலாமா? எங்க மாமியார் தமிழ் முரசு படிப்பாங்க!

சிங்கப்பூர் சின்ன ஊர். சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் உட்கார்ந்து யாரைப் பற்றியாவது பேசினால், அடுத்த மேசையில் அவருடைய சித்தப்பா இருப்பார். பெயரை மாற்றினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே எழுதும்போது யாருக்கும் பயப்படாமல் எழுதுங்கள், வெளியிடுவதற்கு முன் பயப்படுங்கள். முடிந்தால் சம்பந்தப்பட்டவரிடம் படிக்கக் கொடுங்கள். மாமியார்கள் நாம் நினைப்பதைவிடத் தைரியசாலிகள். ‘இதை எழுதினியே, அன்னிக்கு நான் ஏன் அப்படிச் சொன்னேன்னு எழுதலியே’ என்று கேட்டு ஒருவர் மருமகளின் கட்டுரையை நன்றாக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லாதவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். வீட்டுப் பணிப்பெண், நம்மிடம் சம்பளம் வாங்குகிறவர், நினைவு தப்பிய பெற்றோர், சின்னப் பிள்ளைகள். உங்கள் மகனின் பதினைந்து வயது அவனுடைய கட்டுரை, உங்களுடையது இல்லை.

சொல்லாமல் விடுவதும் எழுத்துதான். முன் பதிலில் வந்த லாம்பின் அக்கா மேரி, 1796இல் சித்தம் கலங்கிய நிலையில் தாயைக் கொன்றுவிட்டார். தம்பி திருமணம் செய்துகொள்ளாமல் கடைசிவரை அவரைப் பார்த்துக்கொண்டார். எலியா கட்டுரைகளில் மேரி, பிரிட்ஜெட் என்ற பெயரில் உறவுப் பெண்ணாக வருகிறார். கதைப்புத்தகம் படிக்கிறார், பழைய நாட்களைப் பற்றிப் பேசுகிறார். அந்தச் சம்பவம் எங்கும் இல்லை. தெரிந்துகொண்டு திரும்பப் படித்தால், அவர் ஒவ்வொரு வரியிலும் காட்டும் பதமான அக்கறை வேறு மாதிரி தெரிகிறது.

துக்கத்தை எழுதினா படிக்கிறவங்க அழணும்தானே?

எழுதுகிறவர் முதலில் அழுதுவிட்டால் வாசகருக்கு வேலை இல்லாமல் போகும். புறநானூற்றின் 112ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். பாரி இறந்தபின் அவன் பெண்மக்கள் பாடியது. ‘அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்’ தந்தை இருந்தார், மலையும் எங்களிடம் இருந்தது. இந்த மாத நிலவில் மலையையும் அரசர்கள் கொண்டார்கள், தந்தையும் இல்லை. ஐந்து அடி. கண்ணீர், நெஞ்சு, துயரம் என்று ஒரு சொல் கிடையாது. இரண்டு நிலவு, இரண்டு நிலைமை, அவ்வளவுதான்.

சாவு நடந்த வாரமே எழுதுவதை நான் தடுக்கமாட்டேன், குறித்துவைக்க அதைவிட நல்ல நேரம் இல்லை. மருத்துவமனையில் என்ன வார்டு, அம்மாவின் கையில் எந்தப் பக்கம் ஊசி, யார் மைலோ வாங்கி வந்தார்கள் என்பதெல்லாம் அப்புறம் மறந்துபோகும். ஆனால் கட்டுரையாக ஆக்கக் கொஞ்சம் காலம் கொடுங்கள். அம்மாமேல் உங்களுக்கு இருந்த கோபத்தையும் எழுத முடிகிற நாள் வந்தால், அப்போது எழுதலாம்.

சாட்ஜிபிடிகிட்ட விஷயத்தைச் சொன்னா அழகா எழுதித் தருதே, அது போதாதா?

எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லுங்கள், ஆட்சேபம் இல்லை. ஆனால் முதல் பதிலில் சொன்னதைத் திரும்பப் பாருங்கள்: தான் என்ன நினைக்கிறோம் என்று எழுதியபடியே தேடுவது. தேடலை வேறொருவரிடம் ஒப்படைத்தால், அக்காவுக்கு மக்சிக் வீட்டு ஐந்து நிமிடம் கிடைத்திருக்காது. அம்மாவின் தியாகம் என்று அழகாக ஒரு பத்தி கிடைத்திருக்கும்.

என் கட்டுரையைப் படிச்சிட்டு எங்கண்ணன் ‘அப்படி நடக்கவே இல்ல’ன்னு சண்டைக்கு வர்றார். யார் சொல்றது சரி?

முதலில் சரிபார்க்கக் கூடியதைச் சரிபாருங்கள். தஞ்சோங் பகார் ரயில் நிலையத்திலிருந்து அப்பாவோடு 2012இல் ஜொகூர் போனதாக எழுதியிருந்தால் அண்ணன் சொல்வதுதான் சரி. அங்கிருந்து கடைசி ரயில் கிளம்பியது 2011 ஜூன் 30. ஆண்டு, கிழமை, பேருந்து எண், கடைப் பெயர் போன்றவற்றுக்கு நினைவை நம்பாதீர்கள். பழைய நாளிதழ்த் தொகுப்பு எதற்கு இருக்கிறது?

சரிபார்க்க முடியாததுதான் மீதி. அப்பா அன்றைக்குக் கோபமாக எழுந்து போனாரா, சும்மா எழுந்து போனாரா? ஒரே அறையில் பத்து வயதுத் தங்கையும் பதினேழு வயது அண்ணனும் பார்த்தது ஒன்றாக இருக்காது. அண்ணன் சொல்வதையும் கட்டுரைக்குள் கொண்டுவாருங்கள்: ‘அப்படி நடக்கவில்லை என்கிறார் அண்ணன், அப்பா அன்று வேலை இழந்திருந்தார், அது எனக்குத் தெரியாது.’ சண்டையில் இப்படி ஒரு வரி கிடைத்தால் அண்ணனுக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுக்கலாம். அதற்கும் அவர் இறங்கி வரவில்லை என்றால் அடுத்த கூட்டத்துக்குக் கூட்டி வாருங்கள். அவர் பக்கத்தை அவரே எழுதட்டும், தாள் நாங்கள் தருகிறோம்.